அனிமேஷன், வி.எஃப்.எக்ஸ். ஸ்டுடியோ வேலைக்கு வெளியே உங்க சொந்தப் படத்தை ஜனங்க முன்னாடி வெச்ச அனுபவம் இருக்கா?

பேக்ரவுண்டுக்காரன்

சென்னை நந்தம்பாக்கம் டிரேட் சென்டர், காமிக்ஸ் கண்காட்சியோட ரெண்டாம் நாள், மத்தியானம் மூணு மணி. ஆர்ட்டிஸ்ட் டேபிள் போட்டவங்களுக்கு அந்த நேரம் எப்படி இருக்கும்னு தெரியும். லூஃபி, கோஜோன்னு அனிமே ஹீரோ பிரிண்ட் எல்லாம் காலி. மிச்சம் கிடந்தது நான் எனக்காக குவாஷ்ல, அதாவது தண்ணியில கலக்கற கெட்டிப் பெயிண்ட்ல, வரைஞ்ச ஆறு படம்தான். எல்லாமே எங்க ஏரியா மொட்டை மாடி. சின்டெக்ஸ் டேங்க், கேபிள் ஒயர், புடவை மேல காயுற வடாம். எட்டு வருஷமா ஆபீஸ்ல கனடா பனியும் லண்டன் செங்கலும் வரைஞ்சு சலிச்சுப் போய் வரைஞ்சது.

ஒருத்தர் வந்தாரு, நாப்பது வயசு இருக்கும், கையில பாப்கார்ன். குனிஞ்சு பார்த்து "ஏஐ தானே தம்பி?"ன்னாரு. "இல்ல சார், பெயிண்ட்"னு நான் சொல்லி வாய மூடல, கட்டைவிரலை வானத்து மேல வெச்சு ஒரு தேய் தேய்ச்சாரு. வேர்த்த விரல். குவாஷ் எவ்வளவு காஞ்சாலும் ஈரம் பட்டா கரையும்னு நமக்குத் தெரியும், அவருக்கு எங்க தெரியப் போகுது. நீலம் விரல்ல ஒட்டிக்கிச்சு. விரலைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. "அட, நெஜந்தான்"னு சொல்லிட்டு நீலத்தை பேண்ட்ல தொடைச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

எனக்குக் கோவமே வரல. ஏன் வரலன்னுதான் இப்பவும் உறுத்துது. ரெண்டு நாள்ல அந்தப் படத்துக்கிட்ட அவ்வளவு நெருங்கி வந்தது அந்த ஆள் மட்டும்தான்.

ரோட்டோ ராசா

எனக்கு பெங்களூரு சித்திர சந்தை. ஜனவரியில ஒரு ஞாயித்துக்கிழமை குமார க்ருபா ரோட்டையே மூடிட்டு ரோட்டோரம் படம் விப்பாங்களே, அதேதான்.

பதினோரு வருஷமா ஒயர் அழிக்கற வேலை எனக்கு. ஹீரோ பறப்பான், அவனைத் தூக்கற கயிறை நான் எடுப்பேன். நான் ஒழுங்கா வேலை செஞ்சேன்னா நான் வேலை செஞ்சதே யாருக்கும் தெரியக்கூடாது. அப்படிப்பட்டவன் வரைஞ்ச இட்லி வண்டிப் படத்தை ஒரு அம்மா கையில எடுத்தாங்க. பேரமே பேசல. திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு "சைன் எல்லி?"ன்னாங்க (கையெழுத்து எங்கன்னு அர்த்தம்).

சைனா? படத்துல போடற கையெழுத்துன்னு ஒண்ணு எங்கிட்ட கிடையாதே. பதட்டத்துல பேங்க் செக்ல போடறதையே போட்டேன். இனிஷியலோட, அடியில கோடு, கோட்டுக்குக் கீழ ரெண்டு புள்ளி, பக்கத்துல தேதி. அவங்க பார்த்துட்டு "அக்கவுண்ட் நம்பர் பேட்வா?"ன்னு கேட்டாங்க (வேண்டாமான்னு அர்த்தம்). பக்கத்து ஸ்டால் பையன் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. யாரோ ஒருத்தர் வீட்டு ஹால்ல என் செக் கையெழுத்து தொங்கிக்கிட்டு இருக்கு.

ரிட்டயர்டு ரெண்டர்

கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமில ஒரு குரூப் ஷோல ரெண்டு படம் வெச்சிருக்கேன். ஒண்ணும் விக்கல, அது கிடக்கட்டும்.

பேக்ரவுண்டுக்காரன் தம்பி, கோச்சுக்காதீங்க, தப்பு உங்க மேலதான். குவாஷ் ஒரிஜினலை எவனாவது திறந்து வெப்பானா? முதல்ல சுத்தி அட்டை மவுண்ட் வெட்டுங்க. அப்பதான் பெயிண்டுக்கும் ஃபிரேம் கண்ணாடிக்கும் நடுவுல இடைவெளி இருக்கும். ஒட்டி வெச்சீங்கன்னா நம்ம ஊர் புழுக்கத்துக்கு ஒரே வருஷத்துல பெயிண்ட் கண்ணாடியோட வந்துடும். கண்ணாடி கனம்னா அக்ரிலிக் ஷீட் போடுங்க. டேபிள்ல படுக்க வைக்காதீங்க, ஈசல் ஸ்டாண்டுல நிமிர்த்தி வைங்க. படுத்திருக்கறதைத்தான் ஜனம் தொடும்.

அடுத்தது பிரிண்ட். போட்டோ பேப்பர்ல அடிக்காதீங்க. காட்டன் பேப்பர்ல பிக்மென்ட் இங்க்ல அடிச்சு, இருபத்தஞ்சு காப்பியோட நிறுத்தி, 1/25, 2/25ன்னு பென்சில்ல நம்பர் போடுங்க. ஐவிண்ட் எர்லைப் பாருங்க. 1959ல வந்த டிஸ்னியோட ஸ்லீப்பிங் பியூட்டி படத்துக்குப் பேக்ரவுண்ட் பண்ணின மனுஷன். பின்னாடி ஸ்டுடியோவை விட்டுட்டு, தன்னோட மலையையும் மரத்தையும் செரிகிராஃபா (சில்க் ஸ்கிரீன் பிரிண்ட்) நம்பர் போட்டு வித்தே வாழ்ந்தாரு.

அப்புறம் உங்க ஆஃபர் லெட்டரை எடுத்துப் படிங்க. வேலை நேரத்துல வரைஞ்சது எப்படியும் கம்பெனியோடது. சில லெட்டர்ல வீட்டுல வரையறதும் அவங்களுதுன்னு ஒரு வரி இருக்கும். ஹெச்.ஆர்.கிட்ட ஒரு மெயில் வாங்கி வெச்சுக்கங்க, வாய்ப்பேச்சு உதவாது. வெளிவராத படத்தோட ஒரு ஸ்கெட்ச்கூட டேபிளுக்கு வரக்கூடாது. விலைய ஒட்டிடுங்க, கேட்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் நகர்ந்துடுவாங்க. க்யூ.ஆர். ரெண்டு காப்பி வைங்க. இன்னொண்ணு, லூஃபிய வித்துக்கிட்டு மொட்டை மாடிய யாரும் வாங்கலன்னா எப்படி? ஒரே டேபிள்ல ரெண்டும் இருந்தா ஜனம் தெரிஞ்ச மூஞ்சியத்தான் பார்க்கும்.

லைட்டிங் லூசு

ரெண்டர் சார், உங்க கதை ஒண்ணரை வரி, பாடம் ஒண்ணரை முழம்!

நான் லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருந்தப்போ ஜயன்ட் ரோபாட் கேலரியில போஸ்ட்-இட் ஷோ நடக்கும், வருஷக் கடைசியில. சாடெல் தெரு பக்கம், சின்ன இடம். சுவர் பூரா மூணு இஞ்ச் மஞ்சள் சீட்டுல படம். காமிக்ஸ்காரங்க, இல்லஸ்ட்ரேட்டருங்க, பகல்ல ஸ்டுடியோல ஸ்டோரிபோர்டு போடறவங்க எல்லாரும் கலந்து வரைஞ்சது. பேர் பெத்தவங்களுதும் புதுசா வந்தவங்களுதும் ஒரே விலை, நான் அங்க போயிருந்த வருஷம் 20 டாலர். வாங்கினதும் சுவத்துலேருந்து எடுத்துக் கையில குடுத்துடுவாங்க. அதனால வெளியில ரேஷன் கடை கணக்கா க்யூ.

நான் உள்ள போறப்போ பாதிச் சுவர் காலி. ஒரு மூலையில என் சீனியர் ஒருத்தர் பிளாஸ்டிக் கப்போட நின்னுக்கிட்டிருந்தாரு. டிபார்ட்மென்ட்ல அவர் வந்தாலே நாங்க சேர்ல நிமிர்ந்து உக்காருவோம். அவரோட பூனைப் படம் ஒண்ணு மட்டும் விக்காம ஒட்டியிருந்துச்சு. அதையே பார்த்துக்கிட்டு, யாராவது அந்தப் பக்கம் கை நீட்டினா கப்பை வாய்கிட்ட கொண்டு போவாரு. கை வேற சீட்டுக்குப் போனதும் கப்பு இறங்கும். நானே வாங்கியிருக்கலாம். வாங்கினா அவருக்குத் தெரிஞ்சுடுமேன்னு விட்டுட்டேன். வாங்கியிருக்கணுமோ?

கண்ணாடி விஷயத்துக்கும் ஒண்ணு சொல்லணும். டைரஸ் வாங், டிஸ்னியோட பாம்பி (1942) காட்டையெல்லாம் அந்தப் புகைமூட்டத்தோட யோசிச்சவரு. அப்புறம் வார்னர் ஸ்டுடியோல வேலை, கிறிஸ்துமஸ் கார்டு. ரிட்டயர் ஆனதும் கையால காத்தாடி கட்டி சான்டா மோனிகா பீச்சுல பறக்க விட்டாரு. பூரான் மாதிரி நீளக் காத்தாடி. 2016ல 106 வயசுல போய்ச் சேர்ந்தாரு. காத்தாடிக்கு எங்க சார் மவுண்ட் வெட்டறது?

ரிட்டயர்டு ரெண்டர்

வாங் படங்களை 2013ல வால்ட் டிஸ்னி ஃபேமிலி மியூசியத்துல பெரிய ஷோவா வெச்சாங்க. அங்க கண்ணாடி போட்டுத்தான் இருக்கும், போய்ப் பாருங்க. காத்தாடி வேற, குவாஷ் வேற.

மாடலிங் மாமா

கண்ணாடிச் சண்டைக்கு நடுவுல என் அம்மா கதை.

2011 கடைசி, சான் பிரான்சிஸ்கோ ஏஷியன் ஆர்ட் மியூசியம். சஞ்சய் படேல் ஷோ. தெரியாதவங்களுக்கு: பிக்ஸார் அனிமேஷன் ஸ்டுடியோல இருந்தவரு, மோட்டல் நடத்தின குஜராத்தி வீட்டுப் பையன். நம்ம சாமிங்களையெல்லாம் வட்டமும் முக்கோணமுமா கம்ப்யூட்டர்ல வரைஞ்சு 2006ல புத்தகமாப் போட்டு, அங்கேருந்து மியூசியத்துக்கே வந்தாரு. அந்த ஷோவுக்கு நாலு வருஷம் கழிச்சு பிக்ஸார்லயே அவரோட சொந்தக் கதை குறும்படமா வந்துச்சு.

அம்மா கும்பகோணத்துலேருந்து வந்திருந்தாங்க. மேல் மாடியில பஞ்சலோக சாமி முன்னாடி செருப்பைக் கழட்டப் போயிட்டாங்க, நான் தடுத்தேன். படேல் படத்துக்கு முன்னாடி கை கூப்பல. "கண்ணு என்னடா இவ்வளவு பெருசு, கொலு பொம்மையாட்டம்"னாங்க. ஆனா கிளம்பறப்போ கடையில ஒரு பிள்ளையார் படம் கேட்டு வாங்கினாங்க.

அடுத்த வருஷம் ஊருக்குப் போறேன், பூஜை ரூம்ல தஞ்சாவூர் கிருஷ்ணன் பக்கத்துல அந்தக் கார்ட்டூன் பிள்ளையார். ஃபிரேம் போட்டு, நெத்தியில குங்குமம், ஊதுபத்திப் புகையில ஒரு மூலை மஞ்சளடிச்சு. ரெண்டர் சார், கண்ணாடி இருந்துச்சு. குங்குமம் அது மேலதான்.

மியூசியத்துலேருந்து ட்ரெயின்ல திரும்பறப்போ அம்மா கேட்டாங்க: "அந்தப் பையனும் நீ பாக்கற வேலைதானே பாக்கறான்?" அவங்க குத்திக் காட்டல, நெஜமாவே சந்தேகம் கேட்டாங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். வெளிய சுரங்கம், ஒண்ணுமே தெரியல.

கேஎல் தங்கச்சி

வணக்கம் அண்ணா, அக்கா எல்லாருக்கும். கோலாலம்பூர்ல காமிக் ஃபியஸ்டான்னு ஒரு காமிக்ஸ் கண்காட்சி, டிசம்பர், கேஎல்சிசி மண்டபம். நான் அனிமேஷன் லே-அவுட் செய்யறேன். சொந்தமா ஒரு சின்ன காமிக்ஸ், எங்க ரப்பர் தோட்டத்துப் பாட்டி வீட்டைப் பத்தி, கடன் வாங்கி அச்சடிச்சுக் கொண்டு போனேன்.

என் சூப்பர்வைசர் குடும்பத்தோட வந்துட்டாரு. லீவு நாள்லயும் விடல லா. ஒண்ணை எடுத்தாரு, காசு முழுசாக் கொடுத்தாரு, சட்டைப்பையிலேருந்து சிவப்பு பேனாவை எடுத்து என் டேபிள்லயே வெச்சுத் திருத்த ஆரம்பிச்சாரு. "தொடுவானம் இங்க வரணும். இந்தப் பேனல்ல பாட்டி கை நீளம்." அவருக்குப் பின்னாடி க்யூ நிக்குது. கடைசிப் பக்கம், பாட்டி ரப்பர் பால் வாளியைக் கீழ வைக்கிற பக்கம், அங்க பேனா நின்னுச்சு. ஒண்ணும் எழுதல. மூடி வெச்சுட்டு, சுத்தமான காப்பி இன்னொண்ணு காசு கொடுத்து வாங்கிட்டுப் போயிட்டாரு. சிவப்பு போட்டது எங்கிட்டதான் இருக்கு. கை நீளம்தான், அவர் சொன்னது சரி.

பேக்ரவுண்டுக்காரன்

ரெண்டர் சார், மவுண்ட், அக்ரிலிக், ஈசல் எல்லாம் வாங்கியாச்சு. க்யூ.ஆர். ரெண்டு. லூஃபிய மட்டும் விட முடியாது, ஸ்டால் வாடகை அவன்தான் கட்டறான்.

அந்த வானத்தைச் சரி பண்ண மூணு தடவை நீலம் கலக்கினேன். மூணு தடவையும் தட்டுலயே காஞ்சு போச்சு. ரேகை வரைக்கும் தெரியுது, டேங்குக்கு மேல, மேகம் மாதிரி.

ரோட்டோ ராசா

சரி பண்ணாதீங்க. அழிக்கறதுக்கே சம்பளம் வாங்கறவன் சொல்றேன். விக்கறீங்களா?

பேக்ரவுண்டுக்காரன்

இன்பாக்ஸ் வாங்க. கையெழுத்து முன்னாடியா பின்னாடியா?

ரிட்டயர்டு ரெண்டர்

பின்னாடி, பென்சில்ல. கொரியர்ல அனுப்பறதா இருந்தா அக்ரிலிக்கைக் கழட்டிட்டு, ரெண்டு பக்கமும் ஃபோம் போர்டு வெச்சு, நாலு மூலையும் தனியா அட்டை மடிச்சு ஒட்டுங்க. மேல "மடிக்காதீர்"னு கன்னடத்துலயும் எழுதுங்க.