வீட்டு போன், 4 செல்போன், இணையம்: மாதச் செலவைக் குறைக்க வழி சொல்லுங்கள்

தேன்சிட்டு:
வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு லேண்ட்லைன், 4 செல்போன், 300 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) வேக இணையம். எல்லாவற்றுக்கும் தனித்தனி பில். கூட்டிப் பார்த்தால் மாதாமாதம் கையைக் கடிக்கிறது. லேண்ட்லைனை எடுத்துவிடலாம் என்றால் அம்மா சம்மதிக்கவில்லை. 25 வருடமாக அதே எண், சொந்தக்காரர்கள் எல்லாரும் அதில்தான் கூப்பிடுவார்கள். இணைய வேகத்தைக் குறைக்கவும் பயம். நான் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன், இப்போதே மாடி அறையில் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

கம்பிவடம்:
முதலில் எதையும் ரத்து செய்யாதீர்கள். கடைசி 3 மாத பில்களை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். மோடம் வாடகை இருக்கிறதா, கேட்காமல் ஏறிய சந்தா இருக்கிறதா, ஒப்பந்தம் எப்போது முடிகிறது? அப்புறம் லேப்டாப்பை ரவுட்டரில் லேன் கேபிளால் இணைத்து வேகம் பாருங்கள். மாடி அறையில் வைஃபையிலும் பாருங்கள். கிடைக்கும் எண்களை இங்கே போடுங்கள்.

தேன்சிட்டு:
கேபிளில் 3 தடவை பார்த்தேன்: 94, 93, 94. மாடியில் 11. மோடம் வாடகையை 6 வருடமாகக் கட்டி வந்திருக்கிறோம்! ஒரு செல்போனில் காலர் டியூன் சந்தா வேறு, யாருமே கேட்டதில்லை. மனசு ஆறவில்லை.

கம்பிவடம்:
94 என்றதுமே புரிந்துவிட்டது. 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் (கேபிள் செருகும் துளை) கையில் கிடைப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். கேபிளை மாற்றிப் பாருங்கள்: உள்ளே இருக்கும் 8 கம்பிகளும் சேர்ந்தால்தான் 1000 எம்பிபிஎஸ் வரும், 4 மட்டும் சேர்ந்தால் 100-தான். வேறு லேப்டாப்பிலும் பாருங்கள். அப்போதும் 94 என்றால் ரவுட்டர் அல்லது மோடம்தான் காரணமாக இருக்கும். 300-க்குப் பணம் கட்டி 100-க்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

நல்ல செய்தி, உங்களுக்கு 100 தாராளம். ஒரு எச்டி வீடியோவுக்கு 5 எம்பிபிஎஸ் போதும், வீடியோ மீட்டிங்குக்கு அதற்கும் குறைவு. மாடியில் சுற்றுவது வைஃபை கோளாறு. 1000 எம்பிபிஎஸ் திட்டம் வாங்கினாலும் அது தீராது. ரவுட்டர் எங்கே இருக்கிறது?

தேன்சிட்டு:
கேபிளையும் லேப்டாப்பையும் மாற்றினேன், அதே 94. ரவுட்டர் கீழே, டிவிக்குப் பின்னால் அலமாரிக்குள்.

கம்பிவடம்:
இன்றே வெளியே எடுங்கள். மாடிப்படி பக்கம், ஆள் உயரத்தில் வையுங்கள். வைஃபை அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் அதிக வேகம் தரும், ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் சோர்ந்துவிடும். மாடியில் 2.4 கிகாஹெர்ட்ஸையும் முயன்று பாருங்கள். சொந்த மோடம் வாங்குவதானால், உங்கள் இணைப்பு எந்தக் கருவிகளை ஏற்கும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வாடகைக் கருவியைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது கட்டாயம்.

மழைக்குருவி:
அம்மாவின் எண்ணை விட வேண்டாம். அதை இணையவழி போன் சேவைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள், எல்லா நாட்டிலும் அனுமதி இல்லை. முடியும் என்றால், ஒரு சின்ன அடாப்டரில் அம்மா பழகிய அதே போனைச் செருகலாம். பேச்சுக்கு 0.1 எம்பிபிஎஸ் போதும். ஆனால் மாற்றம் முடியும்வரை பழைய லைனை ரத்து செய்யாதீர்கள். ரத்தானால் எண் கையை விட்டுப் போய்விடும். என் அத்தை வீட்டில் அப்படித்தான் போனது.

இன்னொன்று, பழைய செம்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும், கரண்ட் போனாலும் பேசலாம். இணையவழி போனில் அது கிடையாது. வயதானவர் இருக்கும் வீடு, மோடம், ரவுட்டர், அடாப்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். அவசர உதவி எண்ணுக்காக வீட்டு முகவரியையும் சேவையில் பதிந்து வையுங்கள்.

நூல்கண்டு:
செல்போன்களில் செட்டிங்ஸில் டேட்டா பயன்பாட்டைப் பாருங்கள். எங்கள் வீட்டில் 3 பேர் தங்கள் திட்டத்தில் கால்வாசிகூடத் தொடவில்லை. மற்றவர் போனில் புகைப்பட பேக்கப் மொபைல் டேட்டாவில் ஓடிக்கொண்டிருந்தது. அதை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றியதும் அவருக்கும் சின்னத் திட்டமே போதுமானதாகிவிட்டது.

தேன்சிட்டு:
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். ரவுட்டரை இடம் மாற்றியதும் மாடியில் 52 வருகிறது. ஒப்பந்தம் முடிந்திருந்ததால் 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு இறங்கிவிட்டோம், மீட்டிங்கில் ஒரு தடங்கலும் இல்லை. காலர் டியூன் போய்விட்டது. 2 செல்போனைச் சின்னத் திட்டத்துக்கு மாற்றினோம். அம்மாவின் எண்ணை மாற்ற அனுமதி உண்டாம், விண்ணப்பித்திருக்கிறோம். அது முடியும்வரை பழைய லைனைத் தொடமாட்டேன்.