முதல் ரலிக் கார்: கட்டினனீங்களோ, வாங்கினனீங்களோ?

தெகிவளைத் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு காலமும் வேலிக்கு இந்தப் பக்கம் நிண்டு தூசி குடிச்ச ஆள் நான். இப்ப உள்ளுக்குப் போக ஆசை வந்திட்டுது. அப்பான்ர 94ஆம் ஆண்டு மஸ்டா ஃபமிலியா வீட்டில சும்மா நிக்குது, அதைப் பிரிச்சுக் கட்டலாம் எண்டு ஒரு யோசினை. பிலியந்தலையில கேஜ் (கார் புரண்டால் ஆக்களைக் காக்கிற பைப் கூடு) போட்டு, ரேஸ் ஓடின லான்சர் ஒண்டும் விலைக்கு நிக்குது. 2024 ஏப்ரல் 21 தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ரேஸில கார் சனத்துக்குள்ள பாஞ்சு ஏழு பேர் செத்த அண்டைக்கு நானும் வேறொரு வளைவில நிண்டனான். அதுக்குப் பிறகு அம்மாவுக்கு முன்னால கார் எண்ட சொல்லே எடுக்கேலாது. அதால பாதுகாப்புப் பக்கம் கொஞ்சம் கூடவே எழுதுங்கோ. அறிவுரை வேண்டாம், உங்களுக்கு நடந்தது என்ன எண்டு மட்டும்.

வெள்ளவத்தை 47:
நான் கட்டின ஆள். 2018இல புக் (பதிவுப் பத்திரம்) இல்லாத ஸ்டார்லட் ஷெல் ஒண்டை, எண்டால் எஞ்சின் இல்லாத வெறும் கூட்டை வாங்கி, ஆறு மாசத்தில ஓட்டிக் காட்டுறன் எண்டு மனிசிக்குச் சொன்னனான். ஓடினது 2023 நவம்பர்.

முதல் வருசம் முழுக்கக் கறளோட போச்சு. கார் நிண்டது கல்கிசையில, கடலுக்கு நேர் முன்னால. பாக்கப் பளபள எண்டு இருந்தது. கதவுக்குக் கீழ ஓடுற பெட்டியில காந்தத்தை வச்சன், ஒட்டாமல் நிலத்தில விழுந்துது. சுரண்டச் சுரண்ட ஒரு விரல் தடிப்புக்குப் புட்டிப் பசை. அதுக்குள்ள பழைய பேப்பரையும் அடைஞ்சு வச்சிருந்தாங்கள், சிங்களப் பேப்பர், விளையாட்டுப் பக்கம்.

பிறகு 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்ட, ஓட்டை உடைசல் எல்லாம் பொன் விலையாப் போச்சு. 2022இல டொலர் இருநூறில இருந்து 360 மட்டும் ஏறிச்சுது. இண்டைக்கு நாளைக்கு எண்டு ஓடர் பண்ணாமல் வச்சிருந்த ஷொக் அப்சோபர் நாலும் அந்த ரெண்டு மூண்டு மாசத்தில கைக்கு எட்டாமல் போச்சு. பெற்றோலுக்குக் கியூஆர் கோட் வந்து கிழமைக்கு 20 லீற்றர் எண்டு எல்லாரும் லைனில நிக்கேக்க, என்ர கார் நாலு கல்லுக்கு மேல நிம்மதியா இருந்தது. நம்பர் பிளேட்டும் இல்லை, எஞ்சினும் இல்லை, அதுக்கு என்ன பெற்றோல்.

கேஜ் விசயத்தில மட்டும் நெஞ்சை நிமித்திச் சொல்லுவன். ரத்மலானையில ஒரு வெல்டிங் பாஸ், அறுபது வயசிருக்கும், அவர்தான் போட்டவர். சீம்லெஸ் (மூட்டில்லாத) பைப், சீட்டுக்குப் பின்னால வளைஞ்சு நிக்கிற மெயின் ஹூப்புக்கு 45 மில்லிமீற்றர் விட்டம் 2.5 தடிப்பு, மற்றதுகளுக்கு 38க்கு 2.5. உலகக் கார் ரேஸ் சங்கம் எஃப்ஐஏயின்ர புத்தகத்தில குடுத்திருக்கிற அளவு. பிரச்சினை என்னெண்டால், பைப் கூரையோட ஒட்டி நிக்கிற இடத்தில மேல் பக்கத்துக்கு வெல்டிங் டோர்ச் போகாது. கனபேர் எட்டின அளவுக்கு வெல்ட் பண்ணிப்போட்டு மிச்சத்துக்கு மேல பெயின்ட் அடிச்சு விடுவாங்கள். இந்த மனுசன் தளத்தில கேஜ் கால் வாற இடங்களை வட்டமா வெட்டி, முழுக் கேஜையும் அந்த ஓட்டையளுக்குள்ளால ஒரு சாண் கீழ இறக்கினார். மேல் மூட்டெல்லாத்தையும் சுத்தி வர வெல்ட் பண்ணிப்போட்டு, திருப்பி ஜக்கால உயத்தி, ஓட்டையளை 3 மில்லிமீற்றர் தகட்டால மூடி, காலை அதுக்கு மேல நிறுத்தினார். ரெண்டு நாள் வேலை. நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துக்கொண்டு பக்கத்தில நிண்டனான். அஞ்சு வருசத்தில எனக்குச் சந்தோசமான ரெண்டு நாள் அதுதான்.

இப்ப முட்டாள்தனத்துக்கு வாறன். ஷெல் வாங்கின கிழமையே ஆசையில ரேஸ் சீட்டும் ஹார்னஸும் (ரேஸ் சீட் பெல்ட்) எடுத்திட்டன். சீட் ஹோலில சோபாவுக்குப் பக்கத்தில கிடந்தது, மகன் அதில இருந்துதான் கார்ட்டூன் பாத்து வளந்தவன். 2023இல காருக்குள்ள பூட்டிப்போட்டு ஹார்னஸ் லேபிளைப் பாக்கிறன், நொட் வலிட் ஆஃப்டர் 2022 எண்டு தச்சிருக்கு. சீட்டும் எஃப்ஐஏ 8855 ரகம், செய்த திகதியில இருந்து அஞ்சு வருசம்தான் கணக்கு. ஒரு மீற்றர் கூட ஓடாத சாமான், ஆயுள் முடிஞ்சுது. ரேஸுக்கு முந்திக் காரைச் சோதிக்கிற ஸ்க்ரூட்டினியரிங்கில பிடிக்கினமோ விடுகினமோ, எனக்கு மனசு கேக்கேல்லை, புதுசு வாங்கினன்.

கணக்குக் கொப்பியைக் கூட்டிப் பாத்தால், அந்தக் காசுக்கு முடிஞ்ச கார் ரெண்டு வாங்கியிருக்கலாம். கொப்பி மனிசியின்ர கண்ணில படாத இடத்தில இருக்கு.

மாளிகாவத்தை நானா:
நான் வாங்கின ஆள் தம்பி. வாப்பாட கடை பஞ்சிகாவத்தையில, சின்ன வயசுல இருந்து கியர்பொக்ஸுக்கு நடுவுல வளந்தவன், என்னய ஏமாத்த ஏலாது எண்டுதான் நெனச்சிருந்தேன். ஒரு சிவிக். எஞ்சின் சத்தம் கேட்டா மயங்கிடுவீங்க. கம்ப்ரஷன் பாத்தேன், கியர்பொக்ஸ் எறக்கிப் பாத்தேன், எல்லாம் சுத்தம். கேஜப் பாக்கல்ல. கேஜ் ஈக்கிது தானே, அதுல பாக்க என்ன ஈக்கிது எண்டு விட்டுட்டேன்.

மூணாவது தடவ ஓடிட்டு வந்து கழுவக்கொள்ள, கேஜ்ட பின் காலுக்குப் பக்கத்துல பெயின்ட்ல மயிர் மாதிரி ஒரு கோடு. நகத்தால கீறினேன், கோடு நீண்டிச்சி. கார்ப்பட்டத் தூக்கினா, கால் நேரா தளத் தகட்டுல ஒட்டியிருக்கு, அடியில பிளேட்டே இல்ல. தளத் தகடு ஒரு மில்லிமீட்டர் கூட வராது. கார் பொரண்டா பைப் தளத்தக் குத்திட்டுக் கீழ எறங்கும், கூர நம்மட தலைக்கு வரும். ஹூப்ல சின்னதா ஒரு ஓட்ட போட்டு, தடிப்பு அளக்குற வாப்பாட வேர்னியர வெச்சி அளந்தேன். 1.5 மில்லிமீட்டர், உள்ளுக்குள்ள மூட்டுக் கோடும் தெரியுது. மேச கதிர செய்ற பைப். அதுலதான் மூணு தடவ ஓடியிருக்கேன்.

வித்தவன் கிட்ட கேட்டேன். எனக்கும் அப்பிடித்தான் தந்தாங்க நானா எண்டுட்டான். பொய் எண்டு தோணல்ல, அந்தக் கார் எனக்கு முன்னால நாலு கை மாறினது. கேஜ வெட்டி எடுத்துப் புதுசாப் போட்டேன். உள்ளுக்க வயரிங், டேஷ்போட் எல்லாம் கழட்ட வேண்டி வந்திச்சி. அரைவாசி கட்டின மாதிரித்தான். ஆனாலும் நாலு மாசத்துல திரும்ப ஓடினேன், அஞ்சு வருசம் ஆகல்ல. 47 அண்ணன் கோவிக்க வேணாம்.

வெள்ளவத்தை 47:
கோவம் இல்லை நானா. வயித்தெரிச்சல்தான்.

இடப்பக்க சீட்:
ரெண்டு பேரும் ஸ்டியரிங்குக்குப் பின்னால இருந்துதான் கதைக்கிறீங்கள். நான் பக்கத்துச் சீட்டில இருந்து, வர்ற வளைவுகளின்ர நோட்ஸை ஓட்டுறவருக்கு வாசிக்கிறவள். இஞ்ச நடக்கிற சூப்பர்க்ரொஸ் ஒரே பாதையைச் சுத்திற ரேஸ், அதில எனக்கு வேலை இல்லை. அதால நானும் என்ர தம்பியும் கோயம்புத்தூர் பக்கம் ஒரு ரலிக்கு வாடகைக் காரில போனனாங்கள். காற்றாலைகளுக்கு நடுவால போற பாதை. லைசன்ஸுக்கு மேலால, வெளிநாட்டில ஓட எங்கட சங்கத்தின்ர அனுமதிக் கடிதமும் வேணும், அது ஒரு கதை.

வாடகைக்கு எடுத்ததில ரெண்டு விசயம் படிச்சன். முதலாவது, முறிக்கிறது எல்லாம் டிபொசிட்டில கழியும். தம்பி ரெண்டாவது ஸ்டேஜில ஒரு கல்லில, சில்லைப் பிடிக்கிற லோவர் ஆம் ஒண்டை முறிச்சான். அவங்கள் பில்லைக் காட்டேக்க அவன்ர முகத்தை நீங்கள் பாத்திருக்கோணும். அதுக்குப் பிறகு அவன் கல்லைக் கண்டால் விலகிறான், அந்த வகையில லாபம். ரெண்டாவது, அந்தக் காரைக் கட்டினவன் ஒரு நாளும் இடப்பக்கம் இருந்து பாக்கேல்லை. கதவுக் குறுக்குப் பைப் சரியா என்ர இடுப்பெலும்பில. கால் ஊண்டப் பலகை இல்லை, ஒவ்வொரு பிரேக்குக்கும் நான் முன்னுக்குச் சறுக்கிறன், புத்தகத்தில வரி தப்புது. "இடது நாலு" எண்டு வாசிக்க வேண்டியதை ஒரு வளைவு பிந்தி வாசிச்சன். தெகிவளைத் தம்பி, கட்டினாலும் வாங்கினாலும் மற்றச் சீட்டில ஒரு ஆளை இருத்திப் பாருங்கோ. அறிவுரை வேண்டாம் எண்டனீங்கள், இது ஒண்டை மன்னியுங்கோ.

கொட்டாஞ்சேனை மலைக்காரன்:
ஊர் நுவரெலியா. மகாகஸ்தோட்டையில 1934லேர்ந்து மலையேத்தப் போட்டி நடக்குது, எங்க தாத்தாவே சின்ன வயசுல மரத்துல ஏறி நின்னு பாத்தவரு. நான் கட்டவும் இல்ல, தனியா வாங்கவும் இல்ல. மூணு கூட்டாளிங்க பங்கு போட்டு ஒரு நிசான் மார்ச் கே11 எடுத்தோம். 997 சிசி, கம்பெனி எஞ்சின், கை வைக்கல. ஆளுக்கு ஒரு போட்டி. ரெண்டாவது ஆளு பொரட்டிட்டாரு. யாரு செலவுன்னு இன்னும் பேசிக்கிட்டு இருக்கோம், ஒன்றரை வருசமாச்சு. காரு தார்பாய்க்கு அடியில இருக்கு.

தெகிவளைத் தம்பி:
எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு பிலியந்தலைக்குப் போனன். அம்மான்ர முகம் பாக்கிற கண்ணாடி, போன் டோர்ச், வேர்னியர் மூண்டும் பையில. வித்தவர் சிரிச்சார்.

காலுக்குப் பிளேட் இருக்கு, நல்லது. கேட்டுப்போட்டு ஹூப்பில ஓட்டை போட்டன். 2.5 இருக்கு. சந்தோசத்தில வெளியில வர வெளிக்கிட்டு, பிறகு 47 அண்ணை சொன்னது ஞாபகம் வந்து, கூரைக்கும் பைப்புக்கும் நடுவில கண்ணாடியைச் செருகினன். நாலு மூட்டிலயும் மேல் பக்கம் வெல்ட் இல்லை. பைப்பில அறுத்த வாளின்ர தடம் அப்பிடியே தெரியுது, மேல வெள்ளைப் பெயின்ட். அவருக்கும் காட்டினன். கொஞ்ச நேரம் கண்ணாடிக்குள்ள பாத்திட்டு, "இதோடதான் நான் எட்டு ரேஸ் ஓடினனான்" எண்டார். பிறகு அவரே விலையைக் குறைச்சார், நான் கேக்கேல்லை.

அண்ணை, உங்கட ரத்மலானை பாஸ் இப்பவும் வேலை செய்யிறாரோ? கேஜை இறக்கி மேல வெல்ட் பண்ணித் தருவாரெண்டால் லான்சரை எடுக்கிறன். ஃபமிலியாவில கை வைக்க மாட்டன் எண்டு அப்பாவுக்குச் சொல்லியாச்சு. அவர் அதைப் போய்க் கழுவினார்.

வெள்ளவத்தை 47:
செய்யிறார். ஆனா இப்ப கண் கொஞ்சம் மங்கல், மகன்தான் டோர்ச் பிடிக்கிறவன், அவர் பக்கத்தில நிண்டு பேசுறவர். சனிக்கிழமை ரெண்டு பேருமாப் போவம். கண்ணாடியைக் கொண்டு வாங்கோ.