கருவைக் கலைக்கக் கணவர் கையெழுத்து வேண்டுமா? சட்டம் யாருடைய சம்மதத்தைக் கேட்கிறது?

தென்றல்:
மகளிர் குழுக்களில் கொடுக்க ஒரு பக்கத் துண்டறிக்கை தயாராகிறது. கணவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று பல மருத்துவமனைகளில் சொல்கிறார்கள். அது சட்டமா, அவர்கள் வைத்துக்கொண்ட வழக்கமா? கல்யாணமாகாத பெண்ணுக்கு என்ன நிலை? எத்தனை வாரம் வரை முடியும்? "அபார்ஷனே குற்றம்" என்று திருப்பி அனுப்பினால் எதைக் காட்டிக் கேட்பது? பிரிவு எண்ணோடு சொன்னால் அப்படியே அச்சில் போட்டுவிடலாம்.

சட்டத்துணை:
கணவர் கையெழுத்து சட்டத்தில் எங்கும் இல்லை. 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் (எம்டிபி சட்டம் என்றால் எல்லா மருத்துவமனையிலும் புரியும்), பிரிவு 3(4) கேட்பது கர்ப்பிணியின் சம்மதத்தை மட்டும்தான். 18 வயது நிரம்பாதவர், மனநோய் உள்ளவர் ஆகியோருக்கு மட்டும் காப்பாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும்.

சம்மதம் எழுதும் தாளுக்குப் பெயர் 'படிவம் சி'. அதில் "இன்னாரின் மகள் அல்லது மனைவி" என்று ஒரு வரி வரும். அது அடையாளத்துக்கு. தந்தை பெயரை எழுதினாலும் செல்லும். கீழே காப்பாளருக்கென்று தனிப் பகுதி உண்டு. வயதுவந்த, மனநலம் உள்ள பெண் வந்திருக்கும்போது அந்த இடத்தில் கணவரைக் கையெழுத்திடச் சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. தன்னைக் கேட்காமல் மனைவி கருவைக் கலைத்துவிட்டார் என்று மனைவியிடமும் மருத்துவர்களிடமும் நஷ்டஈடு கேட்ட ஒருவரின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தள்ளுபடி செய்தது. மருத்துவமனைகள் பயப்படுவது இப்படி ஒரு வழக்கு வந்துவிடுமோ என்றுதான். அந்தப் பயத்துக்கு விடை கிடைத்துப் பல வருடமாகிறது.

வாரக் கணக்கு 2021-இல் மாறியது. அந்தத் திருத்தம் செப்டம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 20-லிருந்து 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் வேண்டும். அதுவும் எம்டிபி விதிகளில் விதி 3பி-யில் சொன்னவர்களுக்குத்தான்: பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர்கள் அல்லது விவாகரத்து ஆனவர்கள், உடல் ஊனமுற்றவர்கள், மனநோய் உள்ளவர்கள், கருவில் பெரிய குறைபாடு கண்டறியப்பட்டவர்கள், பேரிடர் போன்ற நெருக்கடியில் சிக்கியவர்கள். 24-ஐத் தாண்டினால் கருவில் கணிசமான குறைபாடு இருக்க வேண்டும், மருத்துவ வாரியம் அனுமதிக்க வேண்டும். விண்ணப்பம் கிடைத்த 3 நாளுக்குள் வாரியம் கருத்துச் சொல்லியாக வேண்டும்; அனுமதி கிடைத்தால், விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து 5 நாளுக்குள் கலைப்பும் நடந்தாக வேண்டும். தாயின் உயிரைக் காப்பாற்ற உடனே செய்தாக வேண்டிய நிலையில் இந்த வார வரம்பே பொருந்தாது. அது பிரிவு 5.

கல்யாணமாகாதவர் விஷயம். பழைய சட்டத்தில் கருத்தடை தோல்வி என்ற காரணம் "மணமான பெண் அல்லது அவள் கணவர்" என்றவர்களுக்கு மட்டும் இருந்தது. 2021 திருத்தம் அதை "எந்தப் பெண்ணும் அல்லது அவளுடைய இணையர்" என்று மாற்றிவிட்டது. ஆகவே ஆணுறை கிழிந்தது, மாத்திரை பலிக்கவில்லை என்ற காரணம் 20 வாரம் வரை எல்லாருக்கும் செல்லும். 20-24 வாரத்தில் மணமாகாதவர்களை ஒதுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா, பர்திவாலா அமர்வு தீர்ப்பளித்தது. குடும்பத்தாரின் சம்மதம், ஆவணம், நீதிமன்ற உத்தரவு என்று சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் போடக் கூடாது என்றும், இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை கணவர் செய்த வன்புணர்வும் வன்புணர்வுதான் என்றும் அதில் இருக்கிறது. அதை நிரூபிக்க எஃப்.ஐ.ஆர் கேட்கக் கூடாது. துண்டறிக்கையில் பெரிய எழுத்தில் வர வேண்டிய தீர்ப்பு இதுதான்.

பேறுகாலச் செவிலி:
வாரத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதையும் கட்டாயம் சேருங்கள். பாதிக் குழப்பம் இதில்தான் வருகிறது. உறவு கொண்ட நாளிலிருந்து எண்ணக் கூடாது; கடைசி மாதவிடாய் தொடங்கிய முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு நாள் தள்ளிப்போன அன்றே கணக்கில் 4 வாரம் ஆகிவிடும். "ரெண்டு மாசம்தான் தள்ளிப்போச்சு" என்று வருகிறவர் 12 வாரத்தில் இருப்பார். தேதி நினைவில்லை, சுழற்சி ஒழுங்கில்லை என்றால் சீக்கிரமே ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். முதல் மூன்று மாத ஸ்கேன் சொல்லும் வாரம்தான் மிகச் சரியானது. பிந்தைய ஸ்கேனில் பிழை கூடும்; வரம்பை ஒட்டி நிற்பவருக்கு அந்தப் பிழையே வாசலை அடைத்துவிடும். இன்னொன்று, குறைபாடு பார்க்கும் ஸ்கேன் பொதுவாக 18-லிருந்து 22 வாரத்துக்குள் எடுப்பது. அதை 18-19-லேயே எடுத்தால் மறுபரிசோதனைக்கும் யோசிக்கவும் அவகாசம் இருக்கும்.

மாத்திரை பற்றி. மைஃபிப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம், ஒன்று முதல் இரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால் 800 மைக்ரோகிராம். இந்தியாவில் இந்தக் கூட்டுப் பொதிக்கு அனுமதி 63 நாள், அதாவது 9 வாரம் வரை. மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிப் போட வேண்டாம் என்று சொல்வது பெண்களை மிரட்ட அல்ல. கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது. ரத்தப்போக்கு வந்ததும் கலைந்துவிட்டது என்று நம்பியிருக்கும்போது குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் வந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காப்பர்-டி உள்ளே இருப்பவர், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர், நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர், அட்ரினல் சுரப்பிக் குறைபாடு உள்ளவர் ஆகியோர் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மிசோப்ரோஸ்டாலுக்குப் பிறகு வலியும் மாதவிடாயைவிட அதிகமான ரத்தமும் எதிர்பார்க்க வேண்டியவையே. ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் முழுசாக நனைந்து, அப்படியே அடுத்த மணி நேரமும் தொடர்ந்தால் அது அவசரம். ஒரு நாளைத் தாண்டியும் விடாத காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல், ரத்தமே வராமல் இருப்பது, இவற்றுக்கும் உடனே போக வேண்டும். ரத்தம் வராவிட்டால் கரு தொடர்கிறது என்று பொருளாக இருக்கலாம். மிசோப்ரோஸ்டால் கருவில் குறைபாடு உண்டாக்கக்கூடியது. அதனால் அரைகுறையாக விட்டுவிடாமல் மறுபடி பார்த்து முடிக்க வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனை சில வாரம் வரை பாசிட்டிவ் காட்டும், அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டியதில்லை. அடுத்த கருமுட்டை பத்து நாளுக்குள்ளேயே வெளிவரலாம் என்பதால் கருத்தடைப் பேச்சை அன்றே முடித்துவிடுங்கள்.

கருவி முறை என்றால் உறிஞ்சி எடுக்கும் முறையைக் கேளுங்கள். பழைய சுரண்டும் முறையைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது.

தென்றல்:
இருவருக்கும் நன்றி. 18 நிரம்பாத பெண் வந்தால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறார்கள். அந்தப் பயத்திலேயே நாட்களைக் கடத்திவிடுகிறார்கள். வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் வயதுவந்த பெண்களுக்கும் இருக்கிறது.

சட்டத்துணை:
போக்சோ சட்டம் பிரிவு 19(1) தகவல் தரச் சொல்வது உண்மை. ஆனால் 2022 தீர்ப்பு ஒரு வழி கொடுத்திருக்கிறது: அந்தப் பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை. காப்பாளர் என்றால் பெற்றோர்தான் என்றும் இல்லை. எம்டிபி சட்டத்தின் வரையறை, அவளைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர் என்பதுதான். கர்ப்பிணியின் சம்மதமே முதன்மை என்றும், அவளுடைய விருப்பமும் காப்பாளரின் விருப்பமும் முரண்பட்டால் அவளுடைய விருப்பத்தை நீதிமன்றம் முக்கியமாகக் கருத வேண்டும் என்றும் 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ரகசியத்துக்கு எம்டிபி சட்டத்தின் பிரிவு 5ஏ இருக்கிறது. சட்டப்படி அதிகாரம் பெற்றவரைத் தவிர வேறு யாரிடம் பெயரைச் சொன்னாலும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பெயர் எழுத வேண்டியது சேர்க்கைப் பதிவேட்டில் மட்டும். மற்ற ஏடுகளில் வரிசை எண்தான் இருக்க வேண்டும்.

கார்த்திகைப்பூ:
'உரிமை' என்று தலைப்புப் போடுமுன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 88-இல் கருக்கலைப்பு இன்னும் குற்றமாகத்தான் இருக்கிறது. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணையும் அது விடவில்லை. எம்டிபி சட்டம் அதற்கு ஒரு விலக்கு, அவ்வளவே. "எனக்கு வேண்டாம்" என்ற ஒரு காரணத்தை முதல் வாரத்தில்கூட அது தனியாக ஏற்பதில்லை. மனநலத்துக்குக் கேடு, கருத்தடை தோல்வி என்று ஒரு மருத்துவர் எழுத வேண்டும். 2023 அக்டோபரில் 26 வாரத்தில் இருந்த ஒரு தாய்க்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய் இருந்தும் உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்தது. முடிவு பெண்ணுடையது என்று சட்டம் நேராகச் சொல்லும் வரை இந்தப் போராட்டம் ஓயாது, ஓயவும் கூடாது.

சட்டத்துணை:
ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் என்ன வார்த்தையில் கேட்பது என்பது முக்கியம். "கருத்தடை தோல்வி" அல்லது "இந்தக் கர்ப்பம் என் மனநலத்தைப் பாதிக்கிறது" என்று உண்மையில் பொருந்துவதைச் சொல்லிக் கேட்க வேண்டும். அவை சட்டத்தின் சொற்கள். மருத்துவர் தன் கருத்தைப் பதிய அவைதான் வேண்டும்.

பெண் கருவோ என்று சந்தேகித்து, 12 வாரம் தாண்டிய எல்லாரையும் விரட்டும் மருத்துவமனைகளும் உண்டு. பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டம் வேறு, இது வேறு. அந்தச் சட்டம் கருக்கலைப்பைத் தடை செய்யவில்லை.

திருப்பி அனுப்பினால் மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஸ்கேன் தாள், அன்றைய தேதியிட்ட ஓ.பி. சீட்டு இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவார்கள். தேசிய உதவி எண் 15100. உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்புச் சட்டப்பிரிவு 226-இன்கீழ் ரிட் மனு போடும்போது கர்ப்ப வாரத்தை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதி, அவசர வழக்காக எடுக்கக் கேட்க வேண்டும். தேதி தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் அவளுக்குப் பாதகம்.