வட்டி ஏறினால் விலை குறையுமா? சித்தப்பாவின் கேள்வி பயிலரங்குக்குப் போனது

குழு: நம் வீடு

வெள்ளி, இரவு

அம்மா: அறைக்கு வந்துவிட்டாயா? வொர்க்ஷாப் எப்படி இருந்தது?

நான்: வந்துவிட்டேன் அம்மா. என் போஸ்டர் நாளைக்குத்தான். இன்று மற்றவர்கள் பேசியதைக் கேட்டேன். ஏறக்குறைய நாள் முழுவதும் ஒரே கேள்விதான்: மத்திய வங்கி வட்டியை ஏற்றினால் விலைவாசிக்கு என்ன ஆகிறது, அதை எப்படி நிரூபிப்பது?

பெரியப்பா: இதற்கு ஒரு நாள் தேவையா? வட்டி ஏறினால் கடன் வாங்குவது குறையும், செலவு குறையும், விலையேற்றம் தணியும். நான் கல்லூரியில் படித்தபோதே பாடத்தில் இருந்ததே.

சித்தப்பா: அண்ணா, நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அச்சகம் நடத்தியபோது காகிதம், மை எல்லாம் கடன் பணத்தில்தான் வாங்கினேன். வேலை முடிந்து வாடிக்கையாளர் பணம் தரும்வரை வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வட்டி ஏறிய மாதமே என் கொட்டேஷனும் ஏறியது. அப்படியென்றால் விலை ஏறியதா, குறைந்ததா?

நான்: சித்தப்பா, மதிய அமர்வு முழுவதும் இதைப் பற்றித்தான். 1992-இல் கிறிஸ்டோபர் சிம்ஸ் என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ஜப்பான் ஆகிய ஐந்து நாடுகளின் தரவுகளை எடுத்துப் பார்த்தார். வட்டி ஏறியபின் விலைகள் இறங்க வேண்டும் இல்லையா? சில நாடுகளில் அவை வெகுநாள் ஏறிக்கொண்டே இருந்தன. இதைத்தான் விலைப் புதிர் என்கிறார்கள். அவருக்கு 2011-இல் தாமஸ் சார்ஜென்டுடன் சேர்த்து நோபல் கிடைத்தது.

சித்தப்பா: பார்த்தீர்களா அண்ணா!

நான்: ஆனால் சிம்ஸ் அதற்குச் சொன்ன காரணம் வேறு சித்தப்பா. மத்திய வங்கி சும்மா வட்டியை ஏற்றுவதில்லை. விலை ஏறப்போகிறது என்று அதற்கு முன்கூட்டியே தெரிகிறது, அதனால் ஏற்றுகிறது. பிறகு விலை ஏறத்தான் செய்கிறது. தரவை மட்டும் பார்க்கிறவருக்கு வட்டியால்தான் விலை ஏறியது போலத் தோன்றும். காய்ச்சல் மாத்திரை சாப்பிட்டவர்களை மட்டும் கணக்கெடுத்தால், மாத்திரைதான் காய்ச்சலைக் கொண்டுவந்தது என்று சொல்லிவிடலாம், அந்த மாதிரி.

அம்மா: இது எனக்கே புரிகிறது.

பெரியப்பா: சரி, 1979-க்குப் பிறகு அமெரிக்காவில் நடந்ததை என்ன சொல்வாய்? மத்திய வங்கித் தலைவராகப் பால் வோல்க்கர் வந்து வட்டியை 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். 1980-இல் 14 சதவீதத்தைத் தாண்டியிருந்த பணவீக்கம் 1983-இல் 3 சதவீதத்துக்கு வந்துவிட்டது. இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?

நான்: அது வலுவான சான்றுதான் பெரியப்பா. அதற்குக் கொடுத்த விலையும் பெரியது. 1982 கடைசியில் அங்கே வேலையின்மை 10.8 சதவீதம். ஆனால் அதே காலத்தில் எண்ணெய் விலையும் இறங்கத் தொடங்கியது. எவ்வளவு குறைந்தது வட்டியால், எவ்வளவு எண்ணெயால்? ஒரே ஒரு சம்பவத்தை வைத்துக்கொண்டு பிரிக்க முடியாது.

2022-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் அங்கே பணவீக்கம் 9.1 சதவீதம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்த வட்டி 2023 ஜூலைக்குள் 5.25–5.5 சதவீதம் ஆனது. பணவீக்கம் 3 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் 2023 முடியும்வரை வேலையின்மை 4 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. வோல்க்கர் காலத்துக் கதை இங்கே பொருந்தவில்லை. பெருந்தொற்றில் அறுந்துபோன சரக்கு வரத்து சீரானதால்தான் விலை இறங்கியது என்று ஒருவர் பேசினார். வட்டி ஏறாமல் இருந்திருந்தால், விலை இன்னும் ஏறும் என்ற மக்களின் எதிர்பார்ப்பே கைமீறிப் போயிருக்கும் என்று இன்னொருவர் மறுத்தார். இரண்டு பேரும் நன்றாகவே வாதாடினார்கள். எனக்கு இரண்டாமவர் பக்கம்தான் சாய்வு. ஆனால் அவராலும் அதை எண்ணில் காட்ட முடியவில்லை.

தங்கை: அக்கா, அப்படியென்றால் பிரிக்க வழியே இல்லையா?

நான்: இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியே அதுதான். கிறிஸ்டினா ரோமர், டேவிட் ரோமர் என்ற தம்பதி 2004-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அமெரிக்க மத்திய வங்கியின் ஊழியர்கள் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் தயாரிக்கும் உள் கணிப்புகள் சில ஆண்டுகள் கழித்து வெளியே வரும். அந்தக் கணிப்புகளை வைத்துப் பார்த்தால் வட்டி இவ்வளவு மாறியிருக்க வேண்டும் என்று முதலில் கணக்கிட்டார்கள். அதற்கு மேலேயோ கீழேயோ நடந்த மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குப் பின் விலை எப்படிப் போனது என்று பார்த்தார்கள். அப்படி வடிகட்டியதும் விலை இறங்குவது தெளிவாகவே தெரிந்தது. உடனே இல்லை, ரொம்பத் தாமதமாக.

இன்னொரு வழி, மத்திய வங்கியின் வட்டி அறிவிப்பு வரும் நேரத்தைச் சுற்றி அரைமணி நேரம் மட்டும் பார்ப்பது. முன்னால் பத்து நிமிடம், பின்னால் இருபது நிமிடம். அந்த அரைமணியில் சந்தையில் வட்டி எதிர்பார்ப்பு எகிறினால், அதற்கு அறிவிப்பைத் தவிர வேறு காரணம் இருக்க வாய்ப்பு குறைவு.

தங்கை: அழகாக இருக்கிறது அக்கா. இதை யாரும் குறை சொல்லவே முடியாதே.

நான்: சொன்னார்கள்! இந்த மாதிரி இடங்களில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு கருத்துரையாளரை முன்கூட்டியே போடுவார்கள். கட்டுரையை வாரக்கணக்கில் படித்துவிட்டு வந்து, எழுதியவர் முன்னாலேயே அதன் பலவீனத்தைச் சொல்வது அவர் வேலை. இன்று வந்தவர் கேட்டது: மத்திய வங்கி திடீரென்று வட்டியை ஏற்றினால், பொருளாதாரம் நாம் நினைத்ததைவிட வலுவாக இருக்கிறது போலும் என்று சந்தை எண்ணிவிடாதா? அப்படி எண்ணினால் அந்த அரைமணியிலும் வட்டியின் விளைவோடு செய்தியின் விளைவு கலந்துவிடும். நாகமுரா, ஸ்டைன்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2018-இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான். கட்டுரை எழுதியவர் கோபப்படவில்லை, நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். எனக்கு அந்த அறையிலேயே இருந்துவிடலாம் போல இருந்தது.

சித்தப்பா: எல்லாம் சரி. என் அச்சகம் எங்கே போனது? மத்திய வங்கிக்கு முன்கூட்டியே தெரிந்தது என்கிறீர்கள். நான் விலை ஏற்றியது அதனால் இல்லையே. வட்டி கட்ட வேண்டியிருந்தது, அதனால் ஏற்றினேன்.

நான்: நியாயமான கேள்வி சித்தப்பா. அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். வட்டியும் தொழிலின் செலவாகி விலையை ஏற்றுவதைச் செலவு வழி என்று சொல்வார்கள். பார்த், ரேமி என்ற இருவர் 2001-இல் தொழில் வாரியாகப் பார்த்து, உங்கள் பக்கம் விஷயம் இருக்கிறது என்று எழுதினார்கள். ஆனால் அதே சமயம் உங்கள் வாடிக்கையாளர்களும் ஆர்டரைக் குறைத்திருப்பார்களே?

சித்தப்பா: குறைத்தார்கள். கல்யாணப் பத்திரிகை நிற்கவில்லை, கம்பெனி ஆர்டர்கள்தான் நின்றன. பிறகு நானும் விலையை இறக்கத்தான் வேண்டியிருந்தது. அதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நான்: அப்படியென்றால் முதலில் செலவு வழி, பிறகு தேவை குறைந்த வழி. இரண்டையும் நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

சித்தப்பா: அப்படியானால் நாளைக்கு ஒன்று கேட்டுவிட்டு வா. கடன் பணத்தில் ஓடும் தொழிலையும் சொந்தப் பணத்தில் ஓடும் தொழிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது பார்த்திருக்கிறார்களா? என் எதிர்க்கடைக்காரர் கடனே வாங்க மாட்டார். அவர் விலையை ஏற்றவில்லை.

பெரியப்பா: நல்ல கேள்விதான் தம்பி.

நான்: கட்டாயம் கேட்கிறேன்.

தங்கை: அக்கா, நாளைக்கு ஆன்லைனில் நானும் சேரலாமா? எனக்கு அவ்வளவு கணக்கு வராது.

நான்: வா. இணைப்பைத் தனியாக அனுப்புகிறேன். சமன்பாடு வரும்போது பயப்படாதே. கட்டுரையின் முதல் மூன்று பக்கமும் முதல் வரைபடமும் படித்துவிட்டு வந்தால் போதும். இவர் எந்த மாற்றத்தை எதிலிருந்து பிரிக்கிறார் என்ற ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கேள். கருத்துரையாளர் பேசும்போது மட்டும் எழுந்து போய்விடாதே.

சனி, மாலை

நான்: சித்தப்பா, கேட்டுவிட்டேன்!

சித்தப்பா: சொல்லு சொல்லு.

நான்: பேசியவர் ஒரு நிமிடம் நின்று, இதைச் சோதிக்கச் சரியான வழியே இதுதான் என்றார். இத்தாலியில் ஏறக்குறைய 2,000 நிறுவனங்களின் விலைத் தரவை வைத்து கயோட்டி, செக்கி என்ற இருவர் 2006-இல் இதையே செய்திருக்கிறார்களாம். வட்டி ஏறும்போது, நடைமுறை மூலதனத்தை, அதாவது சரக்கு வாங்கி விற்றுப் பணம் வரும்வரை தேவைப்படும் பணத்தை, அதிகம் நம்பியிருக்கும் நிறுவனங்கள்தான் விலையை அதிகம் ஏற்றுகின்றன.

தங்கை: நானும் கேட்டேன் சித்தப்பா! உங்கள் எதிர்க்கடைக்காரரைப் பற்றி அக்கா சொன்னதும் இரண்டு மூன்று பேர் குறிப்பெடுத்தார்கள்.

பெரியப்பா: அப்படியென்றால் வட்டியை ஏற்றுவதே தப்பு என்றாகிவிடுமா?

நான்: இல்லை பெரியப்பா, அதையும் கேட்டார்கள். அந்தக் கட்டுரை சொல்வது நிறுவனங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைத்தான். நாடு முழுவதற்கும் தேவை குறைவதையும் சேர்த்துப் பார்த்தால் கடைசியில் விலையேற்றம் தணிகிறது என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் கடனில் ஓடும் சிறு தொழில்கள் நிறைந்த இடத்தில் அதற்கு அதிக நாள் ஆகலாம், நடுவில் அவர்களுக்குத்தான் இரண்டு பக்கமும் அடி. இது என் கருத்து.

சித்தப்பா: அந்த இத்தாலிக் கட்டுரையை அனுப்பு. பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துப் படிக்கிறேன். அந்த வருடங்களின் பழைய பில் புத்தகங்கள் பரணில் இருக்கின்றன. வேண்டுமானால் அவற்றையும் எடுத்து வைக்கிறேன், உனக்கு உதவுமா?

நான்: கண்டிப்பாக உதவும் சித்தப்பா. தேதியும் விலையும் இருந்தால் போதும், அடுத்த வாரம் வருகிறேன்.