மறுமொழி: ஹேக்கத்தானுக்குத் தமிழ்ச்சொல் – ‘நிரல்’ இல்லாமல் ஒன்று (வனைகளம்?)

அன்புள்ள நண்பர்களே,

ஹேக்கத்தான் என்பது பலர் கூடி, குறுகிய நேரத்துக்குள் புதிதாக ஒன்றைச் செய்து காட்டும் நிகழ்வு. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாக வாசித்து வருகிறேன். இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிந்தது. இதுவரை வந்த பரிந்துரைகள்: நிரலாக்கப் போட்டி, நிரலோட்டம், நிரல் மாரத்தான், கொந்தோட்டம். நான்கில் மூன்று ‘நிரல்’ (கணினிக்கு எழுதும் கட்டளைகள்) என்றே தொடங்குகின்றன. என் மறுப்பு அதில்தான்.

> நிரல் எழுதத்தானே கூடுகிறார்கள்? நிரலாக்கப் போட்டி என்றாலே எல்லோருக்கும் புரிந்துவிடுமே.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். எங்கள் அலுவலகத்தில் ஊழியர்களுக்கு மட்டுமாக இரண்டு நாள் ஹேக்கத்தான் ஒன்று நடந்தது. அறிவிப்பைத் தமிழிலும் அனுப்புவோம் என்று நான்தான் முன்வந்தேன். வேறு சொல் தோன்றாததால் ‘நிரலாக்கப் போட்டி’ என்றே போட்டேன். மறுநாள் கணக்குப் பிரிவு அக்கா ஒருவர் என்னைப் பார்த்து, “இது உங்க ஆளுங்களுக்குத்தானே தம்பி? எங்களுக்கு இல்லையே?” என்று கேட்டார். “இல்லக்கா, யார் வேணும்னாலும் சேரலாம்” என்றேன். “அப்ப ஏன் இப்படி எழுதியிருக்கீங்க?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

அவர் சேர்ந்தார். பதிவுப் படிவத்தில் ‘நிரல் மொழி’ என்ற இடத்தைக் காலியாக விட முடியாது. அங்கே “அட்டை, கத்தரிக்கோல், பசை” என்று எழுதினார். அவர் செய்தது ஒரு பலகை விளையாட்டு. ஒரு செலவுச் சீட்டு கையெழுத்துகள் வாங்கிப் பணமாகத் திரும்பும்வரை எந்தெந்த மேசைக்குப் போகிறதோ, அதெல்லாம் ஒவ்வொரு கட்டம். பகடை உருட்டிச் சீட்டை நகர்த்த வேண்டும். இரண்டாம் நாள் மாலை ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஆடினோம். மூன்றாவது ஆட்டத்தில்தான் எங்களுக்கு உறைத்தது: எந்தச் சீட்டாக இருந்தாலும் ஒரே மேசைக்கு இரண்டு முறை போகிறது. முதல் முறை தொகையைச் சரிபார்க்க, இரண்டாம் முறை அதே தொகையை மறுபடியும் சரிபார்க்க. பல வருடமாக அந்த வழியில் சீட்டு அனுப்பிக்கொண்டிருந்த எங்கள் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. அந்த விளையாட்டில் ஒரு வரி நிரல்கூடக் கிடையாது.

இன்னொரு குழு எங்கள் சேவையகத்தின் (சர்வர்) பதிவுகளை ஒலியாக மாற்றியது. வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு மெல்லிய மணி, பிழை வந்தால் ஒரு தாழ்ந்த முரசொலி. நிரல் பகுதி மதியத்துக்குள் முடிந்துவிட்டது. எந்த ஒலியை மணிக்கணக்கில் கேட்டாலும் காது சலிக்காது என்று தேடியதில்தான் இரவு முழுக்கப் போனது. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் வாடிக்கையாளர் சேவையில் நாள் முழுதும் தலையணி மாட்டிக்கொண்டு பேசுகிறவர். கூட்ட அறையில் ஆள் இருக்கிறார்களா என்று காட்டும் விளக்கு, பழைய விசைப்பலகையைப் பிரித்துச் செய்த மணிப்பொறி என்று இன்னும் சில இருந்தன.

இவர்களையெல்லாம் ‘நிரலாக்கப் போட்டி’ என்ற சொல் வாசலிலேயே நிறுத்தியிருக்கும். அக்கா வந்து கேட்டதால் தெரிந்தது. கேட்காமல் போனவர்கள் எத்தனை பேரோ!

‘போட்டி’யும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஹேக்கத்தான் என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது 1999 ஜூனில். அந்த மாதத்தில் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தை எழுதுகிறவர்கள் பத்துப் பேர் கனடாவின் கால்கரி நகரில் கூடினார்கள். குறியாக்க மென்பொருள் ஏற்றுமதிக்கு அப்போது அமெரிக்காவில் இருந்த கட்டுப்பாடுகளில் சிக்காமல் வேலை செய்ய வேண்டியிருந்தது. யாரும் யாரோடும் போட்டியிடவில்லை. அதே மாதம் சன் என்ற கணினி நிறுவனத்தின் ஜாவாஒன் மாநாட்டில் அந்த நிறுவனத்தின் ஜான் கேஜ் ஒரு சவால் விட்டார்: பாம் ஃபைவ் கைக்கணினிகள் அகச்சிவப்புக் கதிர் வழியாக ஒன்றோடொன்று பேசும்படி ஜாவா நிரல்மொழியில் ஏதாவது செய்யுங்கள் என்று. ஆகப் பிறக்கும்போதே இதற்கு இரண்டு முகம். பரிசு வைப்பவர்கள் வைக்கட்டும், அப்போது முன்னால் ‘போட்டி’ சேர்த்துக்கொள்ளலாம். அடிச்சொல்லில் அது வேண்டாம்.

அடுத்து, மாரத்தான். இது கிரேக்கத்தில் ஓர் ஊரின் பெயர். கிரேக்க மொழியில் அந்தச் சொல் பெருஞ்சீரகத்தைக் குறிக்கும். ஊர்ப் பெயரின் வாலை வெட்டி ஒட்டியதுதான் ஆங்கிலத்தின் ‘தான்’. அதற்கென்று மூலத்தில் தனிப் பொருள் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு நாம் ‘ஓட்டம்’ போடத் தேவையில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் தொகுப்பு நிகழ்வுகளுக்குத் ‘தொடர்-தொகுப்பு’ என்ற சொல்லை ஆள்கிறார்கள். அங்கே அது நன்றாகப் பொருந்துகிறது, தொகுத்துக்கொண்டே போகலாம் அல்லவா? ஹேக்கத்தானில் நெருக்கடியே நேரம் தீர்ந்துவிடும் என்பதுதான். 42.195 கிலோமீட்டர் ஓடுகிறவர் மூச்சைச் சேமித்துக்கொண்டு ஓடுவார். இங்கே இருக்கிற மூச்சையெல்லாம் இரண்டு நாளில் கொட்டுகிறோம்.

> ஹேக்கருக்குக் கொந்தர் இருக்கிறதே, கொந்தோட்டம் நேரடியாக வந்துவிடுகிறது.

கொந்தர் எனக்குப் பிடித்த சொல். கொத்துதல், வெட்டுதல் என்ற ஆங்கில மூலத்துக்கும் நெருங்கி நிற்கிறது. ஆனால் இன்று செய்தித்தாளில் ‘ஹேக் செய்யப்பட்டது’ என்றால் யாரோ ஒருவருடைய கணக்கு களவு போயிருக்கிறது என்று அர்த்தம். நிறுவனத்துக்குள் அனுப்பும் அறிவிப்பில் அந்தச் சாயல் வந்தால் பாதுகாப்புப் பிரிவிலிருந்துதான் முதல் அழைப்பு வரும்.

சரி, என் பரிந்துரை: வனைகளம்.

வனைதல் என்றால் உருவம் அமையச் செய்தல். குயவர் பானை வனைகிறார். மண் ஈரமாக இருக்கும்போதே, சக்கரம் சுற்றும்போதே, கை வேலை செய்தாக வேண்டும். காய்ந்துவிட்டால் அந்த மண் கைக்கு வளையாது. அந்த இரண்டு நாளும் அப்படித்தான் இருந்தன. அட்டை, ஒலி, நிரல், மின்சுற்று எதை வனைந்தாலும் சொல் தாங்கும். ஆடுகளம் போல இதுவும் வினைத்தொகை, ஆகவே இடையில் ஒற்று மிகாது. ‘வனைக்களம்’ என்று எழுதிவிடாதீர்கள்.

களம் இடத்தைத்தானே குறிக்கும், நிகழ்வுக்கு எப்படி ஆகும் என்று யாராவது கேட்கலாம். கருத்தரங்கில் உள்ள அரங்கும் இடம்தான். பட்டறை கொல்லர் வேலை செய்யும் இடம். இன்று ‘கருத்தரங்கம் நடந்தது’, ‘சிறுகதைப் பட்டறை நடந்தது’ என்று இயல்பாகச் சொல்கிறோம். ‘வனைகளம் நடந்தது’ என்பதும் அப்படிப் பழகிவிடும். கால அளவு வேண்டுமானால் இருநாள் வனைகளம், 24 மணி நேர வனைகளம். நிறுவனத்துக்கு உள்ளே மட்டும் என்றால் அக வனைகளம்.

இதில் ஒரு குறை எனக்கே தெரிகிறது. பேச்சில் ஐகாரம் குறுகி ‘வனகளம்’ என்று கேட்கும், காடு நினைவுக்கு வரும். தொலைபேசியில் நண்பர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன், “வனத்துறை நிகழ்ச்சியா?” என்றார். இது சின்னக் குறை இல்லை. இதைத் தவிர்க்க வேண்டுமென்றால் ‘ஆக்கக்களம்’ இருக்கிறது. தெளிவான சொல்தான், ஆனால் எந்தப் படைப்பு நிகழ்ச்சிக்கும் அதைப் போடலாம், கையில் மண் ஒட்டுகிற அந்த உணர்வு அதில் இல்லை. ‘புனைகளம்’ என்றும் யோசித்தேன். புனைவு என்றால் இப்போது கதை என்றே ஆகிவிட்டது, விட்டுவிட்டேன்.

பெயர் என்றால் இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று இந்த இழையில் ஒருவர் கேட்டிருந்தார். ஃபேஸ்புக்கின் விருப்பக்குறி பொத்தான் 2007இல் நிறுவனத்துக்குள் நடந்த ஒரு ஹேக்கத்தானில் உருவானது. அப்போது அதன் பெயர் ‘ஆசம்’ (அருமை) பொத்தான். 2009இல் வெளியானபோது ‘லைக்’ ஆகியிருந்தது. அட்லாசியன் என்ற மென்பொருள் நிறுவனம் இதே மாதிரியான தன் 24 மணி நேர நிகழ்வுக்கு முதலில், ஃபெடெக்ஸ் என்ற கூரியர் நிறுவனத்தின் பெயரால் ‘ஃபெடெக்ஸ் நாள்’ என்று பெயர் வைத்திருந்தது, ஒரே இரவில் கொண்டுசேர்க்க வேண்டும் என்பதால். பிறகு ‘ஷிப்இட்’ என்று மாற்றிக்கொண்டது. பார்க்கத்தான் செய்கிறார்கள்.

கூடவே வரும் சொற்களையும் இப்போதே பேசிவிடலாம். டெமோவுக்குச் ‘செய்துகாட்டல்’ போதும். சோதித்துப் பார்க்கச் செய்யும் முதல் வடிவமான புரோட்டோடைப்புக்கு ‘முன்மாதிரி’ வேண்டாம் என்பேன். பேச்சில் அது பின்பற்றத்தக்க மனிதரைக் குறிக்கிறது. ‘முன்வடிவம்’ வைக்கலாமா? கலந்துகொள்வோரை ‘வனைஞர்’ என்றால் குழப்பம் இல்லை.

அடுத்த மாதம் எங்கள் அலுவலகத்தில் மறுபடியும் நடக்கிறது. தமிழ் அறிவிப்பை இந்த முறையும் நான்தான் எழுதுகிறேன். படிவத்தில் ‘நிரல் மொழி’ என்ற இடத்தை ‘எதைக் கொண்டு செய்யப்போகிறீர்கள்?’ என்று மாற்றச் சொல்லி, அதற்கு ஒப்புதலும் வாங்கிவிட்டேன். தலைப்பில் போட வேண்டிய சொல்தான் பாக்கி. வனைகளமா ஆக்கக்களமா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். இரண்டும் சரியில்லை என்றால் உங்கள் சொல்லை வாய்விட்டு நாலைந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்