பாட்ரிக் நாளுக்கு லீவு, ஜார்ஜ் நாளுக்கு ஏன் இல்லை?

சர்வர்_சாமி:
எங்கள் புராஜெக்ட்டில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டிலும் லண்டனிலும் ஆட்கள் இருக்கிறார்கள். மார்ச் 17, அயர்லாந்தின் பாதுகாவலர் (நாட்டைக் காப்பவராக நம்பப்படும் புனிதர்) பாட்ரிக்கின் நாள் என்று பெல்ஃபாஸ்ட் டீம் மொத்தமும் லீவு, லண்டன்காரர்கள் வழக்கம்போல மீட்டிங்குக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சரி, இங்கிலாந்தின் பாதுகாவலர் புனித ஜார்ஜுக்கு ஏப்ரல் 23 அன்று விடுவார்கள் என்று பார்த்தால் அதுவும் கிடையாதாம். இரண்டும் பிரிட்டன்தானே, ஒரே நாட்டுக்குள் ஏன் இப்படி?

பழைய_வரைபடம்:
ஒரே நாடுதான், லீவு பட்டியல் தனித்தனி. அயர்லாந்து முழுவதும் பிரிட்டன் கையில் இருந்தபோதே, 1903இல், மார்ச் 17ஐ விடுமுறை ஆக்கிவிட்டார்கள். அயர்லாந்து பிரிந்த பிறகும், பிரிட்டனோடு தங்கிவிட்ட வடக்கில் அது அப்படியே நிலைத்துவிட்டது. ஸ்காட்லாந்தில் புனித ஆண்ட்ரூவின் நவம்பர் 30க்கு 2007இல் சட்டம் வந்தது, ஆனால் லீவு கொடுத்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லாததால் பல ஆபீஸ்கள் திறந்தே இருக்கும். வேல்ஸ்தான் பாவம். மார்ச் 1 புனித டேவிட் நாளில் பிள்ளைகள் சட்டையில் டாஃபடில் பூ குத்திக்கொண்டு பள்ளிக்குப் போவார்கள், ஆமாம், பள்ளி உண்டு. லீவு விடும் அதிகாரம் லண்டனிடம், கேட்டும் கொடுக்கவில்லை. பிரிட்டனின் யூனியன் ஜாக் கொடியில்கூட மற்ற மூவரின் சிலுவை இருக்கிறது, டேவிட்டுக்கு இடமில்லை. 2017 தேர்தலில் லேபர் கட்சி நால்வர் நாளுக்கும் லீவு தருவதாகச் சொன்னது. தோற்றார்கள், அதோடு சரி.

ரோஜாவும்_புத்தகமும்:
லீவு இருந்தால்தான் கொண்டாட்டமா என்ன? அதே ஜார்ஜ்தான் ஸ்பெயினின் கத்தலோனியா பகுதிக்கும் பாதுகாவலர். ஏப்ரல் 23 பார்சிலோனாவில் வேலைநாள்தான், ஆனால் தெருவெல்லாம் புத்தகக் கடையும் ரோஜாக் கடையும், நகர இடம் இருக்காது. அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் பாட்ரிக் நாள் நேர்மாறு. லீவு உண்டு, ஆனால் 1927 சட்டத்துக்குப் பிறகு பல வருடம் அன்று பப்களுக்குப் பூட்டு. நாய்க் கண்காட்சியில் மட்டும் சரக்கு கிடைக்கும் என்பதால் ஊரில் திடீரென்று நாய்ப் பிரியர்கள் பெருகிவிடுவார்களாம். ஊர்வலத்தையும் ஆர்ப்பாட்டத்தையும் பெரிதாக வளர்த்தது அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஐரிஷ்காரர்கள். சிகாகோ ஆற்றில் பச்சைச் சாயம் கொட்டுவது 1962இல் தொடங்கியது.

சர்வர்_சாமி:
நாய்க் கண்காட்சி! சிரித்து முடியவில்லை. இந்தியாவுக்கு இப்படி யாராவது உண்டா?

நாகர்கோவில்காரன்:
ஏன் இல்லை, கத்தோலிக்கத் திருச்சபைக் கணக்கில் தோமையாரும் சவேரியாரும் இருக்கிறார்களே. தோமையாருக்கு ஜூலை 3. சவேரியாருக்கு டிசம்பர் 3, கோவாவில் அன்று அரசு விடுமுறை. எங்கள் பக்கம் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவும் அப்போதுதான், கலெக்டர் குமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை அறிவிப்பார். கூடவே, இதை ஈடுகட்ட இன்ன சனிக்கிழமை வேலைநாள் என்று ஒரு வரி வரும். பள்ளியில் படிக்கும்போது நாங்கள் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.