ஆடி சேலுக்குள்ள சைட்ட வேகமாக்கணும், எங்க ஆரம்பிக்கறது?

பெருங்குடி_டெவ்:
தி.நகர் புடவைக் கடை ஒண்ணுக்கு சைட் பண்ணிக் குடுத்திருக்கோம் பாஸ். ஆபீஸ் வைஃபைல பறக்குது, ஆனா கடைக்காரர் ரங்கநாதன் தெரு கூட்டத்துல நின்னு போன்ல தொறந்தா பேனர் வர்றதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம்ங்கறார். லைட்ஹவுஸ்ல (குரோம்ல வர்ற சைட் டெஸ்ட்) எல்சிபி, அதாவது பேஜ்ல இருக்கற பெரிய படமோ எழுத்தோ கண்ணுல படற நேரம், 6 செகண்ட். பெரிய சர்வர் வாங்கலாம்னு லீட் சொல்றார், எனக்கு மனசு ஒப்பல.

ஓஎம்ஆர்_வாசி:
சர்வர்ல கை வெக்காதீங்க. எல்சிபி 2.5 செகண்டுக்குள்ள வரணும். பிரவுசர் டெவ்டூல்ஸ்ல நெட்வொர்க்க ஸ்லோ 4ஜி-ல வெச்சு பாருங்க, பேனர் படத்துக்கே லோடிங் லேசி (ஸ்க்ரோல் பண்ணி கிட்ட வந்தா மட்டும் படத்த எடுக்கற செட்டிங்) போட்டிருக்கும், பல தீம்ல இப்டிதான், அத தூக்கிட்டு ஃபெட்ச்ப்ரயாரிட்டி ஹை (இத மொதல்ல எடுன்னு பிரவுசருக்கு சொல்றது) குடுங்க, கீழ வர்ற படங்களுக்கு மட்டும் லேசி போதும். ஜேபெக் படங்கள வெப்பிக்கு மாத்துங்க, சைஸ் கம்மியாகும்.

பெருங்குடி_டெவ்:
ஆமா தல, தீம்லயே லேசி இருக்கு. ஆனா ஹெச்டிஎம்எல் வரவே 2 செகண்ட் ஆகுதே?

க்வெரி_மணி:
அது டேட்டாபேஸ் பக்கம். க்வெரி லாக்க (டேட்டாபேஸ்கிட்ட சைட் கேக்கற ஒவ்வொரு கேள்வியும் பதிவாகற லிஸ்ட்) ஆன் பண்ணுங்க. லிஸ்ட் பேஜ்ல லிஸ்டுக்கு ஒண்ணு, அப்பறம் 50 புடவைக்கும் தனித்தனியா விலை கேட்டு 50, ஆக 51 க்வெரி போகுதுன்னா அதுதான் என் பிளஸ் ஒன் கேஸ், ஜாயின் போட்டு (ரெண்டு டேபிளையும் சேத்துக் கேட்டு) ஒண்ணாக்குங்க. அப்பறம் எக்ஸ்ப்ளெயின் (க்வெரி எப்டி ஓடுதுன்னு காட்டற கமாண்ட்) ஓட்டி, முழு டேபிளையும் ஸ்கேன் பண்ணுதுன்னா இன்டெக்ஸ் போடுங்க, புத்தகத்தோட கடைசில இருக்கற அகராதி மாதிரி நேரா தேடிடும். கேஷ (ரெடி பண்ணின பேஜ சேத்து வெச்சு திரும்பக் காட்றது) கடைசில வெச்சுக்கங்க, ஸ்டாக் தீந்த புடவைய சேல் அன்னிக்கு காட்டிட்டே இருந்தா கடைக்காரர் உங்கள உண்டு இல்லன்னு பண்ணிடுவாரு.

ஓஎம்ஆர்_வாசி:
சைட்ல சாட் விட்ஜெட் (ஓரத்துல வர்ற சாட் பாக்ஸ்) இருந்தா அதையும் பாருங்க. தொட்டா பேஜ் எவ்ளோ வேகமா பதில் சொல்லுதுன்னு கூகுள் பாக்கற அளவுகோல் 2024 மார்ச்லேந்து எஃப்ஐடிக்கு பதிலா ஐஎன்பி, அது 200 மில்லிசெகண்ட தாண்டுச்சுன்னா அடிக்கடி காரணம் இந்த மாதிரி வெளி ஸ்கிரிப்ட்தான்.